நஷ்டத்தில் ஓடும் கிரிப்டோ ட்ரேடைப் பிடித்து வைத்திருக்கவா, மூடிவிடவா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான். ஈத்தர் என்ற கிரிப்டோ காயினில் 5 எக்ஸ் லெவரேஜில், அதாவது கையிலிருந்து போட்டதைப்போல ஐந்து மடங்கு தொகைக்கு, விலை ஏறும் என்று ஒரு லாங் எடுத்திருக்கிறார், ஈடாகக் கட்டிய பணம் (மார்ஜின்) 1,20,000 ரூபாய், எடுத்த விலையிலிருந்து 11 சதவீதம் இறங்கிவிட்டது. அதுபோக ஒரு சின்ன காயினை 60,000 ரூபாய்க்கு ஸ்பாட்டில், அதாவது முழுப் பணமும் கொடுத்து, வாங்கி வைத்திருக்கிறார், அது இப்போது 24,000-க்கு வந்து நிற்கிறது. ரெண்டையும் வைத்திருக்கவா, மூடிவிடவா என்று கேட்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஈத்தரில் எடுத்த அந்த ஃப்யூச்சர்ஸ் லாங்கை இன்றைக்கே மூடுங்கள். ஸ்பாட்டில் இருப்பதற்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கலாம். நீங்கள் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ரெண்டும் வேற வேற ரகம். ஒன்று உங்கள் கையில் இருக்கும் பொருள். இன்னொன்று கெடு வைத்து வாங்கிய கடன் மாதிரி, அந்தக் கெடுவைத் தீர்மானிப்பது நீங்கள் இல்லை.

என் அம்மா ஊர் கொடுமுடிப் பக்கம், அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மஞ்சள் காடு. 2010-இல் ஈரோடு மார்க்கெட்டில் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் மறந்திருக்காது. அந்த விலையைப் பார்த்துக் கரும்பு போட்டவர்கள் நெல் போட்டவர்கள் எல்லாம் மஞ்சளுக்கு மாறினார்கள், வரத்து குவிந்தது, ரெண்டு வருஷத்துக்குள் 4,000 ரூபாய்க்கு வந்து விழுந்தது. அப்புச்சி விற்கவில்லை. பக்கத்துக் காட்டு மாமாவும் விற்கவில்லை. ரெண்டு பேருமே விலை திரும்ப வரும் என்றுதான் சொன்னார்கள், ரெண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்புச்சியின் மஞ்சள் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், மூட்டையாகக் கிடந்தது. மாமா குடோனில் இருப்பு வைத்து அதன் மேல் கடன் வாங்கியிருந்தார். விலை இறங்க இறங்க, பணத்தைக் கட்டு, இல்லையென்றால் சரக்கை எடுக்கிறோம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் வட்டி, இன்னொரு பக்கம் குடோன் வாடகை. 2012-இல், விலை அடிமட்டத்தில் கிடந்த நேரத்தில், அத்தனையும் போனது. அப்புச்சி நாலு வருஷம் கழித்து எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் கொடுத்தார். அது லாபம் இல்லை, ஆனால் சாவகாசமாகக் கொடுத்தார்.

அப்போது அவர் சொன்னதை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "வெல எறங்குனா எறங்கீட்டுப் போவுது அம்மணி, பொருளு நம்முளுதுதான. அடுத்தவன் காசுல வெச்சிருந்தா அது நாம வெச்சிருக்கறதில்ல."

இதைப் பணம் கொடுத்துப் படித்தேன், அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2021 மே, ஊரடங்கு, வேலை பாதி நேரம்தான், மீதி நேரம் முழுக்க போனில் சார்ட். பிட்காயின் 46,000 டாலர் பக்கம் இருந்தபோது 10 எக்ஸில் ஒரு லாங் எடுத்தேன், மார்ஜின் 30,000 ரூபாய், பொசிஷன், அதாவது ட்ரேடின் மொத்தத் தொகை, 3 லட்சம். லிக்விடேஷன் விலை, அதாவது எக்ஸ்சேஞ்ச் தானாகவே ட்ரேடை மூடிவிடும் விலை, 41,600-ஐ ஒட்டிக் காட்டியது. மறுநாளே விலை 42,000 டாலர்கிட்ட வந்துவிட்டது. மூடியிருக்கலாம், மூடவில்லை. இன்னும் 33,000 ரூபாய் மார்ஜின் சேர்த்து லிக்விடேஷன் விலையை 36,500-க்குத் தள்ளினேன். 19-ஆம் தேதி மத்தியானம் மறுபடியும் இறங்கியது, சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணத்திலிருந்து இன்னொரு 33,000 எடுத்துப் போட்டு 31,500-க்குத் தள்ளினேன். சாயங்காலம் அது 30,000 வரைக்கும் போனது. என் பொசிஷன் மூடப்பட்டுவிட்டது என்று ஒரு வரி மெசேஜ் வந்தது. அன்றைக்கு ராத்திரிக்குள் பிட்காயின் திரும்பி 36,000 டாலரைத் தாண்டி ஏறிவிட்டது. அதே வருஷம் நவம்பரில் 69,000 வரைக்கும் போனது. நான் நினைத்தது நடந்தது. நடக்கும்போது எனக்கு அதில் ஒரு பைசாகூட இல்லை.

30,000 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய நஷ்டம் 96,000 ஆனது. அந்தக் கூடுதல் 66,000 முழுக்க "இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம்" என்று நான் ரெண்டு தடவை எடுத்த முடிவின் விலை. இதற்கு நான் எந்த எக்ஸ்சேஞ்சையும் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் லிக்விடேஷன் விலையை முதல் நாளே திரையில் எழுதிக் காட்டித்தான் இருந்தார்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 1,20,000 மார்ஜினில் 5 எக்ஸ் என்றால் பொசிஷன் 6 லட்சம். அதில் 11 சதவீதம் 66,000, அது போய்விட்டது. மீதி 54,000 இருக்கிறது. 5 எக்ஸில் எடுத்த விலையிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் மார்ஜின் மொத்தமும் காலி, ஆனால் எக்ஸ்சேஞ்ச் அதுவரை விட்டுவைக்காது, பராமரிப்பு மார்ஜின் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு 19, 19.5 சதவீதத்திலேயே மூடிவிடும். அப்படியானால் இன்றைய விலையிலிருந்து இன்னும் ஒன்பதரை சதவீதம் இறங்கினால் கதை முடிந்தது. நீங்கள் எடுத்த விலைக்குத் திரும்ப வர வேண்டுமானால் இன்றைய விலையிலிருந்து பன்னிரண்டேகால் சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். பள்ளம் பக்கத்தில் இருக்கிறது, மேடு தூரத்தில் இருக்கிறது. ஈத்தர் ஒன்பது சதவீதம் ஆடுவதற்குப் பெரிய செய்தி எதுவும் வேண்டாம், ரெண்டு நாள் போதும், சில சமயம் ஒரே ராத்திரி.

இன்னொன்று, ஃபண்டிங். பெர்பெச்சுவல் ஃப்யூச்சர்ஸுக்கு எக்ஸ்பைரி தேதி, அதாவது முடித்தே ஆக வேண்டிய நாள், கிடையாது, அதனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தேதி இல்லாததற்குப் பதிலாகத்தான் ஃபண்டிங் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லாங் வைத்திருப்பவர்கள், விலை இறங்கும் என்று ஷார்ட் வைத்திருப்பவர்களுக்கோ, அவர்கள் இவர்களுக்கோ கட்ட வேண்டும். 0.01 சதவீதம் என்று பார்க்கும்போது தூசு மாதிரி தெரியும். ஆனால் அது உங்கள் 54,000 மேல் இல்லை, பொசிஷன் மொத்தத்தின் மேல், அதாவது இன்றைய விலையில் 5,34,000 மேல். ஒரு தடவைக்கு 53 ரூபாய், ஒரு நாளைக்கு 160, மாசம் 4,800. சில நாள் ரேட் தலைகீழாகி உங்களுக்கே வரவும் செய்யும், ஆனால் எல்லோரும் லாங்கில் குவிந்திருக்கும் நேரத்தில் இதைவிடப் பல மடங்கு போகும். மாமாவின் குடோன் வாடகைதான் இது. மாதக்கணக்கில் காத்திருந்தால் விலை நகராமல் நின்றாலும் உங்கள் மார்ஜின் கரையும், கரையக் கரைய லிக்விடேஷன் விலை மேலே ஏறி உங்களை நெருங்கும்.

அதனால் லெவரேஜ் ட்ரேடில் வைத்திருப்பது என்பதற்கு ஸ்பாட்டில் இருக்கும் அர்த்தம் இல்லை. அங்கே கேள்வி யார் மூடுவது என்பது மட்டும்தான், நீங்களா, எக்ஸ்சேஞ்சா. நீங்கள் மூடினால் 54,000 கையில் நிற்கும்.

சரி, மூடிவிட்டு அந்த 54,000-க்கு ஸ்பாட்டில் ஈத்தர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? ஈத்தர் மேல் உங்களுக்கு உண்மையாகவே நம்பிக்கை இருந்தால் செய்யலாம், அப்போது யாரும் உங்களை வெளியே தள்ள முடியாது. ஆனால் இதில் ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஈத்தர் பன்னிரண்டேகால் சதவீதம் ஏறினால் ஃப்யூச்சர்ஸில் உங்கள் 66,000 கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பி வரும். அதே ஏற்றத்தில் ஸ்பாட்டில் இருக்கும் 54,000-க்கு 6,600 ரூபாய்தான் வரும். ஸ்பாட்டில் 1,20,000-ஐத் திரும்பப் பார்க்க ஈத்தர் இரண்டு மடங்குக்கும் மேல் போக வேண்டும், 122 சதவீதம். மூடும்போது அந்த நஷ்டம் இறுதியாகிறது, அது நிஜம். எல்லோரும் மூடாமல் இருப்பதும் இதனால்தான். 66,000-ஐச் சீக்கிரமாக மீட்கும் ஒரே வழி லெவரேஜ்தான் என்று மூளை சொல்லிக்கொண்டே இருக்கும். போன பணத்தைப் போன வழியிலேயே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. 66,000 உங்கள் சம்பளத்திலிருந்து திரும்ப வரலாம், ஒரு வருஷம் கழித்து வரலாம். நானும் என் சீட்டுப் பணத்தைப் பதினாலு மாசத்தில் சம்பளத்திலிருந்துதான் கட்டி முடித்தேன்.

இன்றைக்கே மொத்தமாக மூட மனசு வரவில்லை என்றால் பாதியையாவது மூடுங்கள், மீதிக்கு ஒரு ஸ்டாப் லாஸ் ஆர்டர் போடுங்கள், குறித்த விலைக்கு இறங்கினால் தானாக மூடிவிடும், மனசுக்குள் போடும் ஸ்டாப் லாஸ் இல்லை, ஆப்பில் போடுவது. லிக்விடேஷன் விலைக்கு நன்றாக மேலே வையுங்கள், லிக்விடேஷன் ஆனால் அதற்கென்று தனியாக ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்வார்கள். மார்ஜின் மட்டும் சேர்க்க வேண்டாம். அது ஆவரேஜ் பண்ணுவதுகூட இல்லை. ஆவரேஜ் பண்ணினால் குறைந்த விலையில் கூடுதல் பொருளாவது வரும். மார்ஜின் சேர்த்தால் பொருள் அதேதான், பள்ளத்துக்குள் போடும் பணம்தான் கூடுகிறது.

இனி அந்தச் சின்ன காயின்.

இங்கே நான் வைத்திருங்கள் என்றும் சொல்லவில்லை, விற்றுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, மூட்டையைப் பிரித்துப் பாருங்கள் என்கிறேன். அப்புச்சி மாசத்துக்கு ஒரு தடவை ஆசாரத்தில் இருக்கும் மூட்டைகளைப் பார்ப்பார். முதலில் மூட்டையைத் தூக்கி அடியில் தரையைப் பார்ப்பார். மஞ்சள் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தால் உள்ளே வண்டு விழுந்திருக்கிறது. அப்புறம் கையை உள்ளே விட்டு ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார், ஒடியும் சத்தத்தைக் கேட்பார், உள்நிறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். விலை என்ன என்று அந்த நேரத்தில் கேட்கவே மாட்டார். வண்டு விழுந்த மூட்டை மட்டும் அந்த வாரமே மார்க்கெட்டுக்குப் போகும், என்ன விலை போனாலும் சரி.

உங்கள் காயினில் தரையில் மாவு கொட்டிக் கிடக்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு வியாபாரம் ஆகிறது, ஆறு மாசத்துக்கு முன்னால் எவ்வளவு ஆனது? விலை இறங்குவதைவிட வாங்க ஆளே இல்லாமல் போவது மோசம், 24,000 என்று திரையில் காட்டும், விற்கப் போனால் 19,000 கைக்கு வரும். அடுத்தது, மொத்தம் எத்தனை காயின், இப்போது புழக்கத்தில் எத்தனை, மீதி எப்போது யாருக்கு விடுவிக்கப்படப் போகிறது. நிறுவனர்களுக்கும் ஆரம்பத்தில் பணம் போட்டவர்களுக்கும் ஒதுக்கிய காயின்கள் பூட்டு திறந்து வெளியே வரும்போது வரத்து கூடும், மஞ்சளுக்கு நடந்ததுதான் இதற்கும். அந்தத் திட்டத்தை நடத்துகிறவர்கள் இன்னும் வேலை செய்கிறார்களா, கடைசியாக எப்போது எதையாவது வெளியிட்டார்கள்? எக்ஸ்சேஞ்ச் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கப் போவதாக அறிவிப்பு கொடுத்திருக்கிறதா?

வரத்து எண்ணிக்கையை நான் ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால் 2022 மே மாசம் லூனா என்ற காயினுக்கு நடந்தது அதனால்தான். அந்த மாசத் தொடக்கத்தில் 80 டாலர் வாக்கில் இருந்தது, ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய டெர்ராயூஎஸ்டி (UST) என்ற அதன் ஜோடி காயின் அந்த மதிப்பை இழந்தபோது, அதைக் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு டாலர் மதிப்புக்குப் புதிய லூனாவை அச்சடித்துக் கொடுக்க வேண்டிய ஏற்பாடு. விலை இறங்க இறங்க ஒரு டாலருக்கு இன்னும் அதிகமான காயின் அச்சடிக்க வேண்டும், அச்சடிக்க அச்சடிக்க விலை இன்னும் இறங்கும். 35 கோடி வாக்கில் இருந்த எண்ணிக்கை ஆறரை லட்சம் கோடி ஆனது. 80-க்கு இருந்தது 5 டாலருக்குக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள், ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள், யாருக்கும் அந்த விலை திரும்ப வரவே வழியில்லை. மூட்டை கெட்டுவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமாக எல்லோரும் பிட்காயினைச் சொல்வார்கள், டெலிகிராம் குரூப்பில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், "ஹோல்ட் பண்ணுங்க ப்ரோ, பிட்காயின் பாருங்க" என்று. 2021 நவம்பரில் 69,000, ஒரே வருஷத்தில் 16,000-க்கும் கீழே, 2024 மார்ச்சில் 73,000, அந்த டிசம்பரில் ஒரு லட்சம் டாலர். எல்லாம் உண்மை. ஸ்பாட்டில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் உண்மை, அவர்களும் ரெண்டேகால் வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அதே 2021-இல் உச்சத்துக்குப் போன எத்தனையோ சின்ன காயின்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிட்காயினின் கதையை உங்கள் காயினுக்குக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

வரி பற்றி யாரும் சொல்வதில்லை, ஸ்பாட் முடிவில் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினில் வந்த லாபத்தோடு கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஷேரில் செய்வதுபோல மார்ச் மாசம் நஷ்டத்தில் விற்று வரியைக் குறைப்பது இங்கே நடக்காது. உங்கள் விஷயத்தில் பாருங்கள். இதே காயின் 24,000-லிருந்து 60,000-க்குத் திரும்பினால் உங்களுக்கு லாபமே இல்லை, வரியும் இல்லை, இரண்டரை மடங்கு ஏறினால் போதும். இதை விற்று அந்த 24,000-க்கு வேறு காயின் வாங்கி அது 60,000 ஆனால், சட்டப்படி 36,000 லாபம், வரி 11,232. வரி போகக் கையில் 60,000 நிற்க வேண்டுமானால் அது 76,000-க்கு மேல் போக வேண்டும், மூன்று மடங்குக்கும் கூடுதல். அதனால் சும்மா இது சரியில்லை, அதுக்குத் தாவலாம் என்று மாற்றுவது நினைப்பதைவிட விலை கூடிய காரியம். விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, வேறு பிடிப்பார்கள், நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள், அதை ரிட்டர்ன் போடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம், விட்டுவிடாதீர்கள். ஆனால் மூட்டையில் வண்டு விழுந்திருந்தால் இந்த வரிக் கணக்கைப் பார்த்து வைத்திருக்காதீர்கள், இது நல்ல பொருளுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால், எதற்காக வைத்திருக்கிறேன், எது நடந்தால் விற்பேன் என்று ரெண்டு வரி தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். நான் கம்பெனி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். மூன்று மாசம் கழித்து எடுத்துப் பார்த்தால் அப்போது எழுதிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, இல்லை புதுசு புதுசாகக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேனா என்று தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் வைத்திருப்பதாக இருந்தால் எக்ஸ்சேஞ்சிலேயே விடாமல், சாவி உங்கள் கையிலேயே இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றுவதையும் யோசியுங்கள். 2024 ஜூலையில் நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருடு போய், வைத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதுவும் அடுத்தவர் குடோன்தான்.

கேள்வியில் நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்த 1,20,000 யாருடைய பணம்? வீட்டில் யாருக்காவது தெரியுமா? 2021-இல் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரெண்டாவது 33,000-ஐ நிச்சயம் போட்டிருக்க மாட்டேன், ஏன் போடுகிறாய் என்று ஒரு ஆள் கேட்டிருந்தாலே கை நின்றிருக்கும். அம்மாவிடம் ரெண்டு மாசம் கழித்துத்தான் சொன்னேன். திட்டுவார்கள் என்று பயந்தேன், "சாப்டியா, மூஞ்சியே சரியில்லாம இருந்துச்சு, இதான் சங்கதியா" என்றுதான் கேட்டார்கள். இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு ஆளிடமாவது தொகையோடு சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் இப்போதே ஒன்றைப் பாருங்கள். ஆப்பில் உங்கள் பொசிஷன் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஐசோலேட்டட் என்றோ கிராஸ் என்றோ இருக்கும். ஐசோலேட்டட் என்றால் நான் மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும், அதிகபட்சம் போவது அந்த 54,000. கிராஸ் என்றால் ஃப்யூச்சர்ஸ் வாலட்டில் வேறு என்ன இருப்பு இருந்தாலும் அதையும் சேர்த்துத்தான் அது இழுத்துக்கொண்டு போகும். எது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், கிராஸாக இருந்தால் எழுதுவதற்கு முன்னாலேயே மூடிவிடுங்கள்.